பாக்கெட்டில் அடிக்கும் குறிகள்: வியாபாரிகள் அறிய வேண்டியவை



நம் கடைக்கு வரும் எந்தச் சரக்கை எடுத்துப் பார்த்தாலும் அதன் அட்டையில் இன்று ஏதேனும் ஒரு குறி இருக்கிறது. கறுப்புக் கோடுகள், கட்டம் கட்டமான சதுரம், மினுமினுக்கும் ஸ்டிக்கர், டேக்குக்குள் ஒளிந்திருக்கும் சில்லு எனப் பலவகை. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிறது, மருந்து அட்டையில் இருக்கிறது, நகையில் இருக்கிறது, நம் திருப்பூர் பனியன் டேக்கிலும் வந்துவிட்டது. வாடிக்கையாளர் கல்லாவுக்கு எதிரே நின்றபடியே கைபேசியைக் காட்டிப் பார்க்கிறார். "ஏனுங்க, இது ஒரிஜினல்தானுங்களா?" என்று கேட்கிறார். அந்த நேரத்தில் கம்பெனிக்காரர் அங்கே இருக்கப் போவதில்லை. பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். போலிச் சரக்கு பிடிபட்டால் முதலில் வழக்கில் நிற்பவரும் அவர்தான்.

ஆகவே இந்தக் குறிகள் என்ன சொல்கின்றன, என்ன சொல்லவில்லை என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மங்கலத்தில் பல ஆண்டுகளாகப் பின்னலாடை மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில், நான் படித்தும் கேட்டும் கண்டும் அறிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. பார்கோடு என்னும் கோட்டுக் குறி

சரக்கில் அடையாளம் இடுவது நமக்குப் புதிதல்ல. மில் துணித் தானின் முனையில் முத்திரை குத்தி வந்தது. நூல் கோனுக்குள் கவுண்ட் எழுதிய லேபிள் இருந்தது. பார்த்தவுடன் எந்த மில், எந்த ரகம் என்று சொல்லிவிடுவோம். அந்த முத்திரையை மனிதக் கண் படித்தது. இப்போது வரும் குறியை இயந்திரம் படிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பார்கோடுக்கு 1952-இல் அமெரிக்காவில் உட்லண்ட், சில்வர் என்ற இருவர் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் கடைக் கல்லாவுக்கு அது வந்து சேர 22 ஆண்டுகள் ஆயின. 1974 ஜூன் 26-ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்றைத்தான் முதன்முதலில் இந்த முறையில் பில் போட்டார்கள்.

கோடுகளின் கீழே 13 எண்கள் இருக்கும். நம் நாட்டில் ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு வழங்கும் எண்கள் 890 என்று தொடங்குகின்றன. இங்கே ஒரு தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. 890 என்றிருந்தால் இந்தியாவில் தயாரான சரக்கு என்று நினைக்கிறார்கள். அப்படிப் பொருள் இல்லை. எண்ணைப் பதிவு செய்த நிறுவனம் இந்தியாவில் பதிந்திருக்கிறது என்பது மட்டுமே பொருள். சரக்கு எந்த நாட்டிலும் தயாராகியிருக்கலாம்.

கடைசி எண் சரிபார்ப்பு எண். அதை நாமே போட்டுப் பார்க்கலாம். உதாரணமாக 890123456789 என்ற 12 எண்களை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து ஒற்றைப்படை இடத்து எண்களைக் கூட்டினால் 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடத்து எண்களைக் கூட்டினால் 9+1+3+5+7+9 = 34. இந்த 34-ஐ மூன்றால் பெருக்கினால் 102. இரண்டையும் சேர்த்தால் 130. இதனுடன் எவ்வளவு சேர்த்தால் அடுத்த முழுப் பத்து வரும்? ஏற்கெனவே முழுப் பத்துதான். ஆகவே கடைசி எண் 0. கூட்டுத்தொகை 127 என்று வந்திருந்தால் கடைசி எண் 3 ஆகும். கணக்கு ஒத்து வராத எண், அச்சுப் பிழையாகவோ எவரோ மனம்போன போக்கில் போட்ட எண்ணாகவோ இருக்கும்.

கணக்கு ஒத்துவந்துவிட்டால் மட்டும் அசல் ஆகிவிடுமா? ஆகாது. ஒரே ரகம், ஒரே சைஸ், ஒரே நிறத்தில் பத்தாயிரம் பனியன் தைத்தால் பத்தாயிரத்துக்கும் ஒரே பார்கோடுதான். அசல் பாக்கெட் ஒன்றைப் படம் எடுத்து அச்சடித்தால் போலியும் அதே எண்ணைக் காட்டும். பார்கோடு வந்தது பில் போடவும் ஸ்டாக் எடுக்கவும்தான். அதற்கு அது மிக நல்ல கருவி. அசல், போலி கண்டுபிடிப்பது அதன் வேலையே அல்ல.

2. உருப்படிக்கு ஓர் எண்

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஒவ்வோர் உருப்படிக்கும் தனித்தனி எண் இடும் முறை. இதற்குப் பெரும்பாலும் கியூஆர் கோடு என்ற சதுரக் குறியைப் பயன்படுத்துகிறார்கள். 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில், மோட்டார் வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கெடுப்பதற்காக மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் குழுவினர் உருவாக்கியது இது. கோட்டுக் குறியில் சில எண்களே அடங்கும். இந்தச் சதுரத்தில் பக்கக் கணக்கில் விபரம் அடங்கும். ஒரு பகுதி அழுக்கானாலும் கிழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துவிடும்.

இதற்கு நமக்கெல்லாம் தெரிந்த நல்ல உதாரணம் தங்க நகை. 2021 ஜூலை முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் ஒன்றைப் பொறிக்கிறார்கள். எச்.யு.ஐ.டி. என்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்றாகிவிட்டது. பி.ஐ.எஸ். கேர் என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை பதிவு செய்தது, எந்த மையம் சோதித்தது, தரம் என்ன, நகை என்ன வகை என்று விபரம் வரும்.

கடைசியாகச் சொன்ன 'என்ன வகை' என்பதைக் கவனியுங்கள். செயலியில் மோதிரம் என்று வந்து, கையில் இருப்பது செயினாக இருந்தால் எண் திருடப்பட்டது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். எண் உண்மையானதாக இருந்தால் போதாது; எண் சொல்லும் விபரமும் கையில் உள்ள பொருளும் பொருந்த வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடை அன்பர்களுக்கு இன்னோர் உதாரணம். அதிகம் விற்கும் 300 மருந்து வகைகளை மத்திய அரசு அட்டவணை எச்-2 என்று பட்டியலிட்டு, 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் பாக்கெட்டுகளில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம் என்று விதித்தது. டோலோ, கால்பால், ஆக்மென்டின், அலெக்ரா, தைரோநார்ம் போன்ற நம் வீடுகளில் புழங்கும் பெயர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. குறியில் இருக்க வேண்டியவை: தயாரிப்பு அடையாள எண், மருந்தின் பொதுப் பெயர், பிராண்ட் பெயர், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உற்பத்தி லைசென்ஸ் எண். ஸ்கேன் செய்தபின் திரையில் வரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் அச்சான எண்ணுடனும் தேதியுடனும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே சோதனை. பச்சைக் கலரில் டிக் அடித்து வருகிறதே என்று நிறுத்திக்கொண்டால் சோதனை பாதிதான்.

வெளிநாடுகளில் இதைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2019 பிப்ரவரி 9 முதல், டாக்டர் சீட்டுக்குத் தரும் மருந்துகளில் பெரும்பாலானவற்றின் டப்பா ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. மருந்துக் கடையில் விற்கும்போது அந்த எண்ணைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். அதே எண் வேறு கடையில் மறுபடி வந்தால் அலாரம் அடிக்கும். நைஜீரியாவில் 2010-இல் சுரண்டி எண் அனுப்பும் முறையை மருந்து நிர்வாகம் கொண்டுவந்தது. டப்பாவில் உள்ள பூச்சைச் சுரண்டி, உள்ளே உள்ள எண்ணை இலவசக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதில் வரும். சாதாரணக் கைபேசியே போதும். சுரண்டிய டப்பாவைக் கடைக்காரர் திரும்ப விற்க முடியாது என்பது அதன் பலம்.

3. கண்ணில் படாத சில்லு

நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது ஆர்எப்ஐடி டேக். பெயர் புதிதாகத் தெரிந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானது. விஜயமங்கலம் டோல்கேட்டில் கார் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் படித்துப் பணம் எடுக்கிறார்களே, அதுவும் இதே வித்தைதான்.

டேக்குக்குள் மணல் துகள் போன்ற ஒரு சில்லும், மெல்லிய அலுமினிய ஆன்டெனாவும் இருக்கும். பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பார்கோடை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். இதற்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். கருவியைக் கொண்டு ஒரு சுற்று வந்தால் அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பீஸ்களை எண்ணிவிடும். தண்ணீரும் உலோகமும் மட்டுமே இதற்கு எதிரி. துணி இரண்டும் இல்லை என்பதால் ஆடைத் தொழிலில் இது வேகமாகப் பரவியது.

ஸாரா, டெகாத்லான், வால்மார்ட் போன்ற பெரிய கடைக்காரர்கள் ஆடைகளில் இந்த டேக்கைக் கேட்கிறார்கள். நம் பக்கத்துப் பேக்கிங் யூனிட்களில் பாலிபேக் போடும் பெண்களுக்கு, எந்த சைஸுக்கு எந்த டேக் என்று மாறாமல் போட வேண்டும் என்பது இன்று தொழில் பாடம். 'எம்' சைஸ் டேக்கை 'எல்' பனியனில் மாட்டிவிட்டால், கப்பல் ஏறியபின் அந்தப் பெட்டி முழுதும் கணக்கில் தவறும்.

இங்கே காதர்பேட்டை வியாபார அன்பர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சரக்கு நம் ஊரின் பழைய வியாபாரம். மிச்சமான பீஸும் செகண்ட்ஸ் பீஸும் லேபிள் வெட்டி வந்தால் அது ஒரு சரக்கு. வெளிநாட்டு லேபிளும் டேக்கும் அப்படியே இருந்தால் வேறு சங்கதி. தைத்த துணி அசலாகவே இருந்தாலும், பிராண்ட் உரிமையாளர் அனுமதி இல்லாமல் அவர் பெயருடன் விற்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. சில்லு உள்ள டேக், அந்தப் பீஸ் எந்த ஆர்டருக்குத் தைத்தது என்பது வரை காட்டிக்கொடுக்கும். லேபிளை அகற்றச் சொல்லி வாங்குவதும், அதைக் கொள்முதல் பில்லில் எழுதி வாங்குவதும் நமக்குப் பாதுகாப்பு.

4. அசலைக் காட்டும் அடையாளங்கள்

எண் இடுவது ஒரு வழி. நகல் எடுக்கக் கடினமான ஒன்றைச் சேர்ப்பது இன்னொரு வழி. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஹோலோகிராம்: சாய்த்தால் படம் மாறும் ஸ்டிக்கர். மத்திய பட்டு வாரியம் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க் லேபிளில் இதைக் காணலாம். ஒவ்வொரு லேபிளுக்கும் தனி எண்ணும் உண்டு. பட்டுப் புடவை வியாபாரிகள் இதை நன்கு அறிவார்கள்.

பிரித்தால் காட்டும் முத்திரை: உரித்தால் எழுத்து அட்டையிலேயே தங்கிவிடும் அல்லது கிழிந்துவிடும். பழைய பெட்டியில் புதுச் சரக்கு போட்டு விற்பதைத் தடுக்கும். காலி டப்பாவை முழுதாகப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் கிழித்துப் போடுவது இதற்கு நாம் செய்யும் உதவி.

மறை மை: சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் தெரியும். நெய்த லேபிளில் இதே மாதிரி இழை ஒன்றைச் சேர்ப்பவர்களும் உண்டு.

இழைக்குள் அடையாளம்: இது நம் தொழிலுக்கே உரியது. நீளப் பஞ்சான பீமாப் பருத்தியில், ஜின்னிங் செய்யும் இடத்திலேயே டி.என்.ஏ. அடையாளம் தெளித்து, நூல், துணி, விரிப்பு என்று எந்தக் கட்டத்திலும் ஆய்வகத்தில் சோதித்துக் கண்டுபிடிக்கும் முறை வந்திருக்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிமத்சிங்கா நிறுவனம் இதைப் பயன்படுத்தியது. லேபிளை மாற்றலாம், இழைக்குள் இருப்பதை மாற்ற முடியாது.

5. குறியே பொய் சொன்ன கதை

இவ்வளவு இருந்தும் ஏமாற்று நடக்கிறதா என்றால், நம் பருத்தித் தொழிலிலேயே நடந்திருக்கிறது. இதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்கானிக் பருத்தி என்றால் ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இல்லாமல் விளைந்தது. அதற்கு விலை கூடுதல். கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ சாதாரணப் பருத்தியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே வயலிலிருந்து கடை வரை கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் பரிவர்த்தனைச் சான்றிதழ் கொடுப்பது முறை. கோட்ஸ் என்பது இதற்கு உலக அளவில் மதிப்புள்ள தரச்சான்று. திருப்பூரில் பல ஆலைகள் பெற்றிருக்கின்றன.

2020 அக்டோபரில் கோட்ஸ் அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் பொய்ச் சான்றிதழ்கள் புழங்கியிருக்கின்றன என்றது. எப்படிச் செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். அந்தச் சான்றிதழ்களில் கியூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் அரசு இணையதளம் திறந்தது. அதில் சான்றிதழ் விபரமும் சரியாக வந்தது. ஆனால் அந்த இணையதளமே போலி. அரசுத் தளத்தைப் பார்த்து அச்சு அசலாக ஒன்றைத் தயார் செய்து, குறியை அங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பொய்ச் சான்றிதழைக் கொடுத்து, அதன் பேரில் உண்மையான கோட்ஸ் சான்றிதழையும் வாங்கியிருந்தார்கள். அதாவது பொய்ச் சான்றைக் கொடுத்து மெய்ச் சான்று வாங்கப்பட்டது. 11 நிறுவனங்களுக்குச் சான்று பெறத் தடை விதிக்கப்பட்டது.

ஸ்கேன் செய்தவர்கள் எல்லோரும் தங்கள் கடமையைச் செய்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள். குறி அவர்களை எங்கே அழைத்துப் போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. நம் கல்லாவில் ஒட்டியிருக்கும் பணம் பெறும் கியூஆர் அட்டையின் மேல், ராத்திரியில் யாரோ தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுவும் அதே ரகம்தான். அளவு மட்டும் பெரியது.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் லேபிள் ஏஜெண்ட் ஒருவர் என்னிடமும் வந்தார். பெயர்பெற்ற உள்ளாடைக் கம்பெனி ஒன்றின் டேக் மாதிரியை நீட்டி, "ஸ்கேன் பண்ணிப் பாருங்க, கம்பெனி சைட்டுக்கே போகும்" என்றார். போகத்தான் செய்தது. முகப்புப் பக்கத்துக்குப் போய் நின்றது. கையில் இருந்த பீஸைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. தெருப் பெயர்ப் பலகையைக் காட்டி வீட்டுப் பத்திரம் என்று சொல்வது போல இருந்தது. இந்த வேலையே வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன்.

இன்னொரு சம்பவமும் சொல்லத்தக்கது. 2016-இல் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனம், எகிப்துப் பருத்தி என்று விற்ற சுமார் 7,50,000 படுக்கை விரிப்புகளில் வேறு பருத்தி இருந்ததாகச் சொல்லி, அனுப்பிய வெல்ஸ்பன் நிறுவனத்துடன் தொடர்பை முறித்துக்கொண்டது. அதன்பின் வெல்ஸ்பன், பஞ்சிலிருந்து பெட்டி வரை ஒவ்வொரு கட்டத்தையும் பதிந்து தொடரும் முறை ஒன்றைத் தானே அமைத்தது. லேபிளில் இருக்கும் சொல்லுக்கு நூலின் பூர்வீகம் சாட்சி சொல்ல வேண்டும் என்பதை அந்தத் தொழில் அதிக விலை கொடுத்துக் கற்றது.

ஆக, எந்தக் குறியும் லேபிளைப் பற்றித்தான் பேசும். உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றிப் பேசுவது நம் கணக்குதான். எவரிடம் வாங்கினோம், எத்தனை டஜன், எந்தத் தேதி, எந்த லாரி, அவர் எவரிடம் வாங்கினார் என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். ஒரு கிலோ துணியில் எத்தனை பனியன் விழும் என்று நமக்குத் தெரியும். வாங்கிய துணிக்கு மேல் பனியன் விற்றிருந்தால், எத்தனை கியூஆர் ஒட்டியிருந்தாலும் நடுவில் வேறு சரக்கு நுழைந்திருக்கிறது என்று பொருள்.

6. சட்டம் என்ன கேட்கிறது?

"நான் தயாரிக்கவில்லையே, வந்ததை விற்றேன்" என்று சொன்னால் விட்டுவிடுவார்களா என்று சில அன்பர்கள் கேட்பதுண்டு. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு பொய்க் குறி இடுபவருக்கும், 104-ஆம் பிரிவு அத்தகைய சரக்கை விற்பவருக்கும், விற்பதற்காக வைத்திருப்பவருக்கும் தண்டனை சொல்கிறது. இரண்டுக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தக்க காரணத்தை எழுத்தில் பதிந்து நீதிமன்றம் குறைக்கலாம். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி, வணிகக் குறிப் பதிவாளரின் கருத்தைப் பெற்றபின், வாரண்ட் இல்லாமலே சோதனை செய்து சரக்கைக் கைப்பற்றலாம்.

அதே 104-ஆம் பிரிவு நேர்மையான வியாபாரிக்கு ஒரு வழியும் வைத்திருக்கிறது. எல்லா நியாயமான முன்னெச்சரிக்கையும் எடுத்தேன், சந்தேகப்படக் காரணம் இல்லை, கேட்டவுடன் எவரிடம் வாங்கினேன் என்ற விபரம் முழுவதையும் கொடுத்தேன் என்று அவர் நிரூபிக்கலாம். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. பில் இல்லாமல் ரொக்கத்துக்கு வாங்கியவர் எதை வைத்து நிரூபிப்பார்?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில்தான் பேசுகிறது. விற்ற பொருளால் தீங்கு நேர்ந்து, தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், இழப்பீட்டுப் பொறுப்பு விற்றவர் மேல் வரலாம் என்கிறது 86-ஆம் பிரிவு. வழக்கு என்று வந்தால் வக்கீலைப் பார்க்க வேண்டும். வருமுன் காக்கக் கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும்.

7. கடையில் செய்ய வேண்டியவை

செலவு அதிகம் இல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

(அ) புதுப் பார்ட்டியிடம் முதல் கொள்முதல் செய்யுமுன் ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். 15 இலக்கம், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். பெயரும் ஊரும் பில்லுடன் ஒத்திருக்கின்றனவா பாருங்கள்.

(ஆ) ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வியாபாரிகளுக்குத் தரும் பில், 2023 ஆகஸ்ட் முதல் ஈ-இன்வாய்ஸாக இருக்க வேண்டும். அதில் உள்ள கியூஆர் கோடு வெறும் தள முகவரி அல்ல. அரசின் மின்னணுக் கையொப்பம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்குரிய செயலியில் படித்தால் விற்பவர், வாங்குபவர், தொகை, தேதி தெரியும். ஒரு எழுத்து மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. போலி அடிக்கக் கடினமான குறி எது என்றால் இதைச் சொல்வேன்.

(இ) சரக்கு இறங்கியதும் பண்டலுக்கு ஒன்றாவது பிரித்து ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு பீஸில் ஒரே தொடர் எண் வந்தால் நிறுத்துங்கள். திறக்கும் தளத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் குறியை விட்டுவிட்டு, கம்பெனியின் தள முகவரியை நீங்களே அடித்துப் போய், எண்ணை அங்கே போட்டுப் பாருங்கள். போலித் தளத்துக்கு இதுவே மருந்து.

(ஈ) திரையில் வரும் சைஸ், நிறம், பேட்ச், விலை ஆகியவை கையில் உள்ள பீஸுடன் பொருந்துகின்றனவா பாருங்கள்.

(உ) வரவுப் பதிவேட்டில் பில் எண்ணுடன் பேட்ச் எண், பெட்டி எண், எல்.ஆர். எண் எழுதுங்கள். ஒரு பேட்ச்சில் சாயம் போகிறது என்று புகார் வந்தால், எந்தக் கடைக்கு எத்தனை டஜன் போனது என்று பத்து நிமிடத்தில் சொல்லலாம். முழுச் சரக்கையும் திரும்ப எடுக்க வேண்டிய நஷ்டம் மிச்சம்.

(ஊ) விலையைப் பாருங்கள். கம்பெனி டீலர் விலைக்கும் கீழே, பில் இல்லாமல், 'இன்றைக்கு மட்டும்' என்று வரும் சரக்குக்கு எந்த ஸ்கேனரும் தேவையில்லை. அந்த விலையே உண்மையைச் சொல்லிவிடும்.

சொந்த பிராண்ட் வைத்திருக்கும் சிறிய உற்பத்தியாளர்களுக்கும் ஒரு சொல். முதலில் பிராண்ட் பெயரைப் பதிவு செய்யுங்கள். பதியாத பெயருக்குக் குறி ஒட்டுவது வேலி இல்லாத காட்டுக்குப் பூட்டுப் போடுவது. பிறகு பெட்டிக்கு ஒரு தொடர் எண் போடுங்கள். பீஸுக்கு எண் போடுவது பின்னால் வரட்டும். எந்த எண் பெட்டி எந்த ஊர்க் கடைக்குப் போனது என்று கம்ப்யூட்டரிலோ நோட்டிலோ எழுதி வைத்தால், பாதி வேலை முடிந்தது. திறந்த நிலையில் விற்கும் பின்னலாடைகளுக்கு 2022-இல் எடையளவுச் சட்ட விதிகளில் சலுகை தந்திருக்கிறார்கள். ஆனாலும் உரிமையாளர் பெயரும் முகவரியும், நுகர்வோர் தொடர்பு எண், அளவு, அதிகபட்ச விலை ஆகியவை இருந்தே ஆக வேண்டும். இவை இல்லாத டேக்கில் அழகான கியூஆர் மட்டும் அச்சடித்துப் பயனில்லை.

8. வரப்போவது என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற ஏற்பாட்டைச் சட்டமாக்கி, அது 2024 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் வெளியிட்ட செயல்திட்டத்தில் ஆடைகளை முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஆடைக்கான விரிவான விதிகளை 2027-இல் வகுப்பது திட்டம். டேக்கில் உள்ள குறியைப் படித்தால் அந்த ஆடையின் இழை, தயாரிப்பு போன்ற விபரங்கள் வர வேண்டும் என்பது கருத்து. அதே 2027 இறுதிக்குள் உலகம் முழுவதும் கடைக் கல்லாக்களில் கோட்டுக் குறியுடன் சதுரக் குறியையும் படிக்கும் வசதி வர வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் 2020 அக்டோபர் 7-இல் அறிவித்த கஸ்தூரி காட்டன் என்ற இந்தியப் பருத்தி அடையாளத்தில், பேலிலிருந்தே கியூஆர் கோடு மூலம் தொடரும் ஏற்பாடு இருக்கிறது. பஞ்சில் ஆரம்பிக்கும் கேள்வி, நூல், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங் என்று நடந்து ஒருநாள் நம் குடோன் கதவுக்கும் வரும். ஜாப் ஒர்க் செய்யும் மங்கலத்து யூனிட்டும், "இந்த லாட் யாருடைய நூல்?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும். டெலிவரி சலானில் லாட் எண் எழுதும் பழக்கத்தை இன்றே ஆரம்பித்தால் அன்றைக்குத் திணற வேண்டாம்.

கருவிகள் இனியும் மாறும். இன்றைய சதுரம் நாளை வேறு வடிவம் ஆகலாம். யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று மறைக்காமல் எழுதிவைத்த கணக்கு இருக்கும் கடைக்கு எந்தக் குறி வந்தாலும் பயமில்லை. நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இந்த மாதம் தங்கள் கடையில் உள்ள ஐந்து வகைச் சரக்குகளை எடுத்து, குறியைப் படித்து, பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராதது எது என்று சங்கக் கூட்டத்தில் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும்.

வாழ்க வணிகம்! வளர்க நாணயம்!